“கழிச்சோ?” என்று கேட்டேன், “ஆச்சு கண்ணு” என்றார்: ரிஃப்ளெக்‌ஷன் எழுதச் சொல்கிறார்கள், எப்படி எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை_ஸ்டாஃப் | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடமாக பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடமும் தமிழ் மீடியம். பி.எஸ்சி. நர்சிங் மட்டும் மலையாளப் பிள்ளைகளோடு படித்தேன். வார்டில் பேச்சு மலையாளம், சார்ட் ஆங்கிலம். எங்களிடம் வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் பக்கத்துத் தமிழர்கள்.

போன மாதம் நடந்தது. எழுபது தாண்டிய பாட்டி, சர்க்கரை, பிரஷர், காலில் புண். மதியச் சாப்பாட்டுக்கு முன் சாதா இன்சுலின் 10 யூனிட். 12 மணிக்குப் பார்த்த சுகர் 186. ஊசி போட வேண்டிய நேரத்தில் பக்கத்து ரூமில் ஒருவர் மூச்சுத்திணறி விழுந்ததால் எல்லாரும் அங்கே ஓடினோம். நான் பாட்டியிடம் வரும்போது மணி ஒன்றேகால். “கழிச்சோ?” என்று கேட்டேன். “ஆச்சு கண்ணு, அப்பவே ஆச்சு” என்றார். சாப்பாடு ஆகிவிட்டது, ஊசி லேட் என்று உடனே போட்டேன்.

மலையாளத்தில் “கழிச்சோ” என்றால் சாப்பிட்டாயா. பாட்டிக்குக் கழிக்கிறது என்றால் ஒன்றே ஒன்றுதான். அது காலையிலேயே ஆகிவிட்டது. சாப்பாடு வாங்கி வரவேண்டிய பேரன் ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்காகப் பொள்ளாச்சிக்குப் போய் பஸ்ஸில் மாட்டிக்கொண்டான்.

ரெண்டரைக்கு எங்கள் இன்சார்ஜ் சேச்சி வார்டு வாசலிலிருந்தே “அந்த அம்மூம்மையைப் போய் நோக்கு” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் “ம்” மட்டும். சுகர் 46-க்கு இறங்கியிருந்தது. ஐ.வி. லைன் இருந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டர் வந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 100 மில்லி போனது. பதினைந்து நிமிடத்தில் 118. “ஏன் கண்ணு எல்லாரும் நிக்கறீங்க?” என்று கேட்டார். அப்புறம் கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்சிடென்ட் ஃபாரம் போட்டேன். கூடவே ஒரு ரிஃப்ளெக்‌ஷனும் எழுதித் தரச் சொன்னார் நர்சிங் சூப்ரண்ட், அதாவது நடந்ததைத் திரும்ப யோசித்துப் பார்த்து எழுதுவது. நான் எழுதியது: “நோயாளி உணவு உட்கொண்டதை உறுதி செய்யாமல் இன்சுலின் கொடுத்தது என் தவறு. மிகவும் வருந்துகிறேன். இனிமேல் கவனமாக இருப்பேன்.” அவர் படித்துவிட்டு, “இது மன்னிப்புக் கடிதம். ரிஃப்ளெக்‌ஷன் வேணும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு மேல் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டு_பேருக்கு_முப்பது | செவ்வாய், இரவு 11.15

என் பேரைப் பார்த்தாலே என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். நர்ஸ் ரெண்டு பேர், கட்டில் முப்பது. ஒருத்தி மூச்சுத்திணறல் கேஸில் நிற்கும்போது மற்ற இருபத்தொன்பது பேருக்கும் யார் ஊசி போடுவது? அதை யாரும் எழுதச் சொல்லமாட்டார்கள். நீ எழுது, நீ வருந்து, கீழே நீ கையெழுத்துப் போடு. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அந்தத் தாளையே எடுத்துக் காட்டி “இவளே ஒத்துக்கொண்டாள்” என்பார்கள். நானாக இருந்தால் அந்த மூன்று வரியோடு நிறுத்தியிருப்பேன்.

---

பழைய_சித்தூர்க்காரி | புதன், காலை 6.05

மகளே, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டி பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அட்டெனலாலோ மெட்டோப்ரலாலோ இருக்கிறதா?

நான் 34 வருடம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆனவள். (சித்தூர் என்றதும் ஆந்திராவா என்று கேட்காதீர்கள், இது புழைக்கரைச் சித்தூர், பாலக்காடு ஜில்லா.) அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் இறங்கினால் நெஞ்சு படபடக்காது, கையும் அவ்வளவாக நடுங்காது. மாத்திரை அதை அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. அதனால்தான் உங்கள் சேச்சிக்கு வாசலிலிருந்தே தெரிந்திருக்கிறது. மீனமாச வெயிலில் வருகிற வியர்வை சூடாக இருக்கும். இதைத் தொட்டால் மண்பானையைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருக்கும், அடுத்து பேச்சு குழறும். எங்கள் காலத்தில் குளுக்கோமீட்டர் வருவதற்கு முன் புறங்கையை நெற்றியில் வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

எழுதுகிற விஷயம் எனக்குத் தெரியாது. எங்களை யாரும் எழுதச் சொன்னதில்லை. ராத்திரி ட்யூட்டி முடிந்து கேன்டீனில் சாயா குடிக்கும்போது “இன்னிக்கு ஒரு அபத்தம் பண்ணிட்டேன்” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மற்றவள் அவளுடையதைச் சொல்வாள். அவ்வளவுதான்.

---

கொழிஞ்சாம்பாறை_ஸ்டாஃப் | புதன், காலை 6.50

அம்மா, மெட்டோப்ரலால் 50. மருந்துச் சீட்டில் தினமும் டிக் போட்டது நான்தான். ரெண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

---

கோவை_டியூட்டர் | புதன், காலை 9.20

“பழைய_சித்தூர்க்காரி” அம்மா சொன்ன சாயா பேச்சும் ரிஃப்ளெக்‌ஷன்தான், தாளில் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கிப்ஸ் என்பவர் 1988-ல் போட்ட ஆறு படிச் சக்கரத்தைத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறோம். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எது சரியாகப் போயிற்று எது போகவில்லை, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வேன். சக்கரம் நல்ல சக்கரம்தான். எங்கள் பிள்ளைகள் அதை ரேஷன் கார்டு ஃபாரம் மாதிரி நிரப்புகிறார்கள், அதுதான் கோளாறு. ஆறு தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி. மனதில் என்ன ஓடியது என்ற இடத்தில் எல்லாருக்கும் “மிகவும் வருத்தமாக இருந்தது”. நாற்பது நோட்டைத் திருத்தினால் நாற்பதிலும் அதே வருத்தம்.

உங்கள் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது நாலாவது படி: ஏன் அப்படி. நீங்கள் தமிழ்ப் பெண், பாட்டியும் தமிழ். நீங்கள் ஏன் மலையாளத்தில் கேட்டீர்கள்? அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். மற்ற ஐந்தும் ரெண்டு ரெண்டு வரி போதும்.

“ரெண்டு_பேருக்கு_முப்பது” சொன்னதையும் தள்ளிவிடக் கூடாது. ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் பாலாடைக்கட்டித் துண்டுகளை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் அதைப் பனையோலைக் கூரையாக மாற்றிச் சொல்வேன். கூரையில் ஐந்தாறு அடுக்கு ஓலை இருக்கும். ஒவ்வொன்றிலும் எங்காவது ஓட்டை இருக்கும், அதனால் மட்டும் வீடு ஒழுகாது. எல்லா அடுக்கின் ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்த அன்றைக்குத்தான் பாயில் சொட்டும். பக்கத்து ரூம் அவசரம் ஒரு ஓட்டை. ஆஸ்பத்திரியே சாப்பாடு தராமல் கூட்டிருப்புக்காரர் (துணைக்கு இருப்பவர்) வாங்கி வரவேண்டியிருப்பது இன்னொன்று. பேரனின் பஸ், உங்கள் வார்த்தை. நாலும் ஒன்றாக வந்து நின்றன. கடைசி ஓலை நீங்கள் என்பதால் சொட்டு உங்கள் தலையில் விழுந்தது. எழுதும்போது நாலு ஓட்டையையும் எழுதுங்கள்.

---

தேவிகுளம்_ஃபீல்டு | புதன், மதியம் 1.30

சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நான் ஜே.பி.எச்.என். (ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ்), எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வேலை. புதிதாக வந்த மலையாளி டாக்டர் ஒரு தாத்தாவிடம் “பனியுண்டோ?” என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தாத்தா ஜன்னலைக் காட்டி, “ராத்திரி பூரா பனிதாங்க சாமி, தேயிலையே தெரியல” என்றார். டாக்டர் ராத்திரி முழுக்கக் காய்ச்சல் என்று எழுதிவிட்டார். தெர்மாமீட்டர் 98.4.

“வெள்ளம் குடிக்கணும்” என்றால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் ஆற்று வெள்ளமா என்று பார்ப்பார்கள். “குறச்சு” என்றால் அவர்களுக்குக் கொஞ்சம், நமக்குக் குறைத்து. “மருந்து குறச்சு கழிக்கணும்” என்று யாராவது சொன்னால் ஒரு தமிழ்ப் பாட்டி என்னவென்று புரிந்துகொள்வார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

---

நகரி_பிரதர் | புதன், மாலை 7.10

எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான், மொழி மட்டும் தெலுங்கு. நகரியில் வீடு, திருத்தணி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கேஷுவால்டி. சத்தியவேடு, புத்தூரிலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில்தான் சொல்வார்கள். ஒரு பெரியவர் “குண்டெ நொப்பி” என்றார். குண்டெ என்றால் இதயம், நொப்பி என்றால் வலி. மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பையன் அதைக் கேட்டு, பின்பக்கம் கட்டி ஏதாவது இருக்கும் என்று அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் பத்து நிமிடம் என்ன ஆகியிருக்கும்!

என் கதை இது. தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் வாய் தவறி “தின்னாரா?” என்று கேட்டுவிட்டேன். தெலுங்கில் அது மரியாதையான கேள்வி. அவர், “நான் என்ன மாடா, தின்னாரான்னு கேக்கற?” என்று ஒரு பிடி பிடித்துவிட்டார். கோபப்பட்டதால் தப்பித்தேன் சிஸ்டர். உங்கள் பாட்டி கோபப்படவில்லை, பாந்தமாகப் பதில் சொன்னார். அதுதான் ஆபத்து.

இன்சுலின் பேச்சு வந்ததால் இன்னொன்று. எங்கள் இடத்தில் ஒரு நோயாளி வீட்டிலிருந்து பேனா இன்சுலின் கொண்டுவந்தார், பேனாவை மறந்துவிட்டு உள்ளே போடுகிற கார்ட்ரிட்ஜை மட்டும். ஒருவர் அதிலிருந்து சாதாரண சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்துவிட்டார். கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கானது. அதில் 10 கோடு என்றால் கால் மில்லி, உள்ளே போவது 25 யூனிட். ரெண்டரை மடங்கு. போடும் முன் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துவிட்டார். இதற்கும் “இனி கவனமாக இருப்பேன்” என்றுதான் எழுதினார்கள். அடுத்த மாதம் வேறொருவர் அதையே செய்யப் போனார்.

---

லீட்ஸ்_நைட்ஷிஃப்ட் | வியாழன், அதிகாலை 3.45

பிரேக்கில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்ல முயற்சி செய்கிறேன், வராது.

சொந்த ஊர் பாறசாலை, எட்டு வருடமாக இங்கிலாந்தில். இங்கே 2016 ஏப்ரலிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு காட்ட வேண்டும். கூடவே ஐந்து ரிஃப்ளெக்‌ஷன் எழுதி, இன்னொரு நர்ஸோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். எழுதியதை ஒருத்தர் எதிரில் படிக்கும்போது பொய் நிற்காது.

என் முதல் ரிஃப்ளெக்‌ஷனும் உங்களுடையது மாதிரியேதான். ராத்திரி ஒரு தாத்தா கட்டிலிலிருந்து இறங்கி விழுந்துவிட்டார். “மணி அடிக்கச் சொல்லிவிட்டுப் போனேன், இனி இன்னும் அடிக்கடி பார்ப்பேன்” என்று எழுதினேன். எதிரில் உட்கார்ந்த சீனியர் ஸ்காட்லாந்துக்காரி, கண்ணாடியை இறக்கிவிட்டு, “இன்னும் அடிக்கடி என்றால் எத்தனை மணிக்கு ஒரு தடவை? அந்த நேரத்தில் இப்போது செய்கிற எந்த வேலையை விடப்போகிறாய்?” என்று கேட்டார். வாயடைத்துப் போனேன். பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. தாத்தா மணியை அடித்திருக்கவே முடியாது, அது அவருடைய பக்கவாதக் கை இருந்த பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது எந்தக் கட்டிலுக்குப் போனாலும் மணியை நோயாளி கையில் கொடுத்து ஒருதரம் அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். எனக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

அதனால் சொல்கிறேன்: “கவனமாக இருப்பேன்” என்ற வார்த்தை வந்தால் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் கை என்ன செய்யும், வாய் என்ன கேட்கும் என்று எழுதுங்கள். பாட்டி பேர், கட்டில் நம்பர், தேதி எதுவும் வேண்டாம். இங்கே அது கண்டிப்பு, அங்கேயும் அதுதான் நல்லது.

---

ரெண்டு_பேருக்கு_முப்பது | வியாழன், காலை 8.00

லீட்ஸ் சேச்சி, அங்கே எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது. இங்கே எதிரில் உட்கார்ந்தால் மெமோதான் வரும். ஆனாலும் பனையோலைக் கூரை எனக்குப் பிடித்தது. அதை எழுதினால் நானும் எழுதுவேன்.

---

அம்மாவுக்கு_நான்தான் | வியாழன், காலை 10.25

நான் நர்ஸ் இல்லை. கோவிந்தாபுரத்துக்காரன். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்பதால் வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் கூட்டிருப்பு. இந்த இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். சக்கரம், கூரை, இங்கிலாந்து எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

அந்தப் பாட்டியிடம் யாராவது சொன்னீர்களா?

---

பழைய_சித்தூர்க்காரி | வியாழன், மதியம் 12.10

தம்பி கேட்டது நியாயம். நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. “சுகர் கொஞ்சம் குறைஞ்சு போச்சு, இப்போ சரியாயிருச்சு” என்போம். அது தானாகக் குறைந்த மாதிரி.

---

லீட்ஸ்_நைட்ஷிஃப்ட் | வியாழன், இரவு 8.30

இங்கே 2014-லிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அது சட்டம். தவறால் பெரிய பாதிப்பு வந்தால் நோயாளியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் கொடுக்க வேண்டும். சட்டம் இருப்பதால் எளிது என்று நினைக்காதீர்கள். ஒரு மகளிடம் நான் சொல்லப் போனபோது முட்டி ரெண்டும் ஆடியது.

---

கொழிஞ்சாம்பாறை_ஸ்டாஃப் | சனி, இரவு 11.50

ரெண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. தம்பியின் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் வரவில்லை. இன்னும் இல்லை. எழுதியதை மட்டும் போடுகிறேன், படித்துச் சொல்லுங்கள்.

“அன்று பாட்டிக்கு முந்தைய கட்டிலில் இருந்தவர் மலையாளி. அவரிடம் ‘கழிச்சோ?’ என்று கேட்டு, பதில் வாங்கி, ஊசி போட்டு, கை கழுவி, அதே மூச்சில் பாட்டியிடம் வந்தேன். நாக்கை மாற்றவில்லை. ஆறு வருடமாக நான் வார்டுக்குள் நுழையும்போதே தமிழை செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருகிறேன். தமிழில் பேசினால் படிக்காத எஸ்டேட் பிள்ளை என்று நினைப்பார்கள் என்று முதல் வருடம் ஒரு பயம் இருந்தது. பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

நான் லேட்டாக இருந்தேன். ஆச்சு என்ற பதில்தான் எனக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்தது. ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் சாப்பாடு எங்கே என்று பார்க்க வேண்டும், பேரனைத் தேட வேண்டும், திரும்பி வர வேண்டும். நான் கேட்டது ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வி. அதிலும் ஆமாம் என்று வரட்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

பாட்டியின் லாக்கர் மேல் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருந்தது. அதன் பிடி மடங்கி, அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து, மேலே எவர்சில்வர் டம்ளரும் கவிழ்ந்திருந்தது. டம்ளர் காய்ந்திருந்தது. இப்போது கண்ணை மூடினால் தெரிகிறது. அன்றைக்கும் கண் பார்த்தது. சாப்பிட்டு முடித்த அரைமணி நேரத்தில் எந்தப் பாத்திரமும் அப்படிக் காய்ந்திருக்காது. பார்த்ததை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை சுகர் இறங்குவதன் அடையாளங்களை மறைக்கும் என்பது எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். கட்டிலருகே தெரியவில்லை.

இனி: ஊசிக்கு முன் ‘சாப்பிட்டீங்களா’ என்று எந்த மொழியிலும் கேட்கமாட்டேன். ‘என்ன சாப்பிடப் போறீங்க, எங்க இருக்கு?’ என்று கேட்பேன், தட்டைப் பார்ப்பேன். சாப்பாடு கட்டிலுக்கு வந்த பிறகுதான் சாதா இன்சுலின் கையில் எடுப்பேன். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டு சார்ட் முகப்பில் ‘த’ அல்லது ‘ம’ எழுதுவேன். சர்க்கரையோடு இந்த வகை பிரஷர் மாத்திரையும் உள்ளவர்களை, ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் வியர்வையைச் சொல்லி ஒப்படைப்பேன்.

வார்டு செய்ய வேண்டியது: அவசரம் வந்தால் இன்சுலின் சுற்றை யார் எடுப்பது என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே ஒரு பேர் சொல்ல வேண்டும். ரெண்டே பேர் இருக்கிற ஷிஃப்டில் அப்படி ஒரு பேர் இல்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.”

---

ரெண்டு_பேருக்கு_முப்பது | சனி, இரவு 11.58

கடைசி வரியை எந்த சூப்ரண்ட் வந்து அடிக்கச் சொன்னாலும் அடிக்காதே.

---

கோவை_டியூட்டர் | ஞாயிறு, காலை 7.40

டிபன் கேரியர் வரியை மூன்று தடவை படித்தேன்.

பாட்ரிஷியா பென்னர் 1984-ல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து கட்டமாகச் சொன்னார், கத்துக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை. எனக்கு அதில் எப்போதும் ஒரு சின்னச் சண்டை உண்டு. வருடம் ஆக ஆகத் தானாக மேலே போய்விடலாம் என்று பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். பென்னர் அப்படிச் சொல்லவில்லை. இருபது வருடம் ஆகியும் முதல் வருடத்தையே இருபது தடவை வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் சேச்சி வாசலிலிருந்தே வியர்வையைக் கண்டார். உங்கள் கண்ணுக்கும் டம்ளர் தெரிந்திருக்கிறது. பார்வை வந்துவிட்டது, அதை நம்பி ஒரு நொடி நிற்பதுதான் இன்னும் வரவில்லை.

ஒரு திருத்தம்: “செருப்போடு வெளியே” என்ற வரி அழகாக இருக்கிறது, சூப்ரண்டுக்குக் கொடுக்கும் தாளில் எடுத்துவிடுங்கள். உங்கள் நோட்டில் இருக்கட்டும். மேலதிகாரிக்குக் கொடுப்பதும் தனக்கு எழுதிக்கொள்வதும் ரெண்டு தாள். ரெண்டாவதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

---

தேவிகுளம்_ஃபீல்டு | ஞாயிறு, காலை 9.15

எனக்கு அந்தச் செருப்பு வரியில் மாறுபட்ட கருத்து. அதை எடுத்தால் “ஏன் மலையாளத்தில் கேட்டேன்” என்பதற்குப் பதிலே இல்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகள் நர்சிங் படித்துவிட்டு வந்து சொந்தப் பாட்டியிடமே மலையாளத்தில் பிரஷர் கேட்கிறார்கள். சூப்ரண்டும் அதைப் படிக்கட்டுமே.

---

கோவை_டியூட்டர் | ஞாயிறு, காலை 9.40

சரி, தோற்றேன். இருக்கட்டும்.

---

நகரி_பிரதர் | ஞாயிறு, மாலை 5.20

“த”, “ம” எழுதுகிற யோசனையைத் திருடிக்கொண்டேன். எங்களிடம் “த”, “தெ”. ரெண்டும் பேசுகிறவருக்கு என்ன போடுவது என்று முதல் நாளே சண்டை வந்தது. வலி வந்தால் எந்த மொழியில் அம்மா என்று கத்துவாரோ அதைப் போடு என்று எங்கள் வார்டு ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

---

கொழிஞ்சாம்பாறை_ஸ்டாஃப் | மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 9.30

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

தாளைக் கொடுத்தேன். சூப்ரண்ட் மேடம் நின்றபடியே படித்தார், அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கடைசி வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அடிக்கவும் சொல்லவில்லை. இன்சுலின் சுற்றுக்கு இப்போது ஷிஃப்ட் தொடக்கத்தில் பேர் சொல்கிறோம். ராத்திரி ஷிஃப்டில் இன்னும் இல்லை.

“என்ன சாப்பிடப் போறீங்க, எங்க இருக்கு?” என்று கேட்க ஆரம்பித்த முதல் வாரம் நேரம் இழுத்தது உண்மை. பதில் நீளம். ஒரு தாத்தா மருமகள் வைக்கிற ரசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் குறை சொன்னார். ஆனால் பன்னிரண்டு நாளில் மூன்று தடவை சாப்பாடு வராமல் இருந்ததைப் பிடித்தேன். அதில் ஒருவர் மலையாளி, மொழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சோறு பிடிக்கவில்லை என்று மூடிவைத்துவிட்டு “கழிச்சு” என்று பொய் சொன்னார்.

தம்பி கேட்ட விஷயம். செவ்வாய்க்கிழமை பாட்டி புண்ணுக்குக் கட்டு மாற்ற ஓ.பி.க்கு வந்திருந்தார், பேரனும் கூட. சூப்ரண்டிடம் கேட்டேன். “டாக்டரும் நானும் பக்கத்தில் நிற்கிறோம், நீ சொல்” என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். அன்றைக்கு நான் கேட்டது சாப்பாட்டைப் பற்றி, நீங்கள் புரிந்துகொண்டது வேறு, கேட்ட விதம் என் தப்பு, சாப்பிடாமல் ஊசி போட்டதால்தான் உங்களுக்கு மயக்கம் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பாட்டி ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். “அட, நீ சோத்தையா கேட்ட? நான் என்னடா இந்தப் புள்ள மத்தியானத்துல வந்து இதையப் போயி கேக்குதேன்னு நெனச்சேன்” என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதேன், ரெண்டும்தான்.

பேரன் சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து, “இதுல அந்த மயக்கமே இல்லீங்களே. நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க எப்படித் தெரியும்?” என்று கேட்டான். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். உண்மைதான், இல்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். பேரன் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதைத் தமிழ்லயும் எழுதித் தர முடியுங்களா?” என்றான்.

எழுதிக் கொடுத்தேன்.

---

அம்மாவுக்கு_நான்தான் | வியாழன், இரவு 10.05

நன்றி சிஸ்டர். நாளைக்கு எங்களுக்கு டயாலிசிஸ் நாள். அம்மாவின் சீட்டையும் ஒருதரம் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.